கடைசிப் பாட்டில் விழும் சம்மட்டி

ஒரு புதன்கிழமை மாலை அப்பாவும் நானும் ரெக்கார்டு பிளேயரின் ரப்பர் பட்டையை மாற்றினோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. பழைய பட்டை இளகிப் பிசினாகி அறுந்திருந்தது. நான் சுழல்தட்டைத் தூக்கி மோட்டார் தண்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்பா புதுப் பட்டையை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

"தபால்காரன் கடிதக் கட்டை அவிழ்த்துத் தெருவுல போட்டுட்டுப் போவானே, அந்த ரப்பர் மாதிரி இருக்கு. இதுக்கா கடைக்குப் போனே?"

"அளவு பார்த்து வாங்கினதுப்பா."

"தெருவுல பொறுக்கியிருந்தா அளவும் கிடைச்சிருக்கும், உனக்குக் காலாற நடந்த மாதிரியும் இருந்திருக்கும்."

பட்டையை மாட்டிய பிறகு பிளேயரைத் தூக்கி, முன்னறைக் கூரைக் கொக்கியிலிருந்து தொங்கிய பலகையில் வைத்தோம். பலகையை நான்கு சைக்கிள் டியூப்கள் தாங்கி நின்றன. கையை எடுத்ததும் அது மெல்ல ஆடியது. ஆட்டம் அடங்கும் வரை இருவரும் அசையாமல் நின்றோம். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

ஆங்கிலேயத் தொழிலூரான நெதர்டனில் எங்கள் தெருக்கோடியில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறை இருந்தது. சிவக்கக் காய்ந்த இரும்பை அச்சின் மேல் வைத்து, இரண்டு ஆள் உயரத்திலிருந்து சம்மட்டியைக் கயிற்றால் விழவிட்டு, கார் ஆக்சில்களும் ஸ்பானர்களும் அடித்தார்கள். அப்பா, க்ளைவ் ட்ரோமன்ஸ், அதில் சம்மட்டிக்காரர். ஒவ்வொரு அடிக்கும் தெரு அதிரும். எங்கள் வீடுகளில் கோப்பைகள் அலமாரியின் உள்சுவரை ஒட்டியே இருக்கும். விளிம்பில் எதையாவது வைப்பவள் வேற்றூரிலிருந்து வந்த மருமகள் என்று அர்த்தம். ரெக்கார்டு போட்டால் அடிக்கு ஒருமுறை ஊசி குதிக்கும். ஆகவே மற்ற வீடுகளில் பட்டறையின் தேநீர் இடைவேளையில் ஒரு பாட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு பக்கம் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் அடுத்த ஷிப்ட்காரன் அடிக்கிறான். டியூப் யோசனை அப்படி வந்தது. கட்டடங்களின் அதிர்வை அளந்து தடுப்பது என் தொழில். இதைவிடச் சிக்கனமான தடுப்பை நான் எங்கும் பார்த்ததில்லை.

நான் பள்ளி முடிக்கும் முன்பே பட்டறை மூடிவிட்டது. தெரு அதிர்வதை நிறுத்தியது. பிளேயர் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

அதில் அதிகம் சுழன்றது ஒரே ரெக்கார்டு. கோல்ட் ஷட் என்ற குழு. அடிக்கும்போது இரும்பு தன் மேலேயே மடிந்து ஒட்டாமல் போனால் பட்டறையில் அந்தப் பழுதுக்குச் சொல்லும் பெயர் அது. நான்கு பையன்கள், எல்லோரும் எங்கள் ஊர்தான். 1971இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். ஹெவி மெட்டல் என்ற பெயரை அன்று எங்கள் தெருவில் யாரும் சொல்லவில்லை. 'அந்தக் கனமான பாட்டு' என்றார்கள். உறையில் கால்வாய்க் கரையில் ஒரு நாரை நிற்கும். அதன் நிழல் தண்ணீரில் தலைகீழாக இல்லாமல் நேராக இருக்கும். சிறுவயதில் அந்த நிழலைப் பார்க்கப் பயந்து உறையைத் திருப்பி வைப்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் காது மருத்துவர் அப்பாவிடம், மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் அதிக நாள் நிற்காது என்றார். வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "அப்ப அந்த ரெக்கார்டை ஒரு தடவை ஒழுங்காக் கேட்டுடணும். ஒவ்வொரு பாட்டா. அப்புறம் நீ எனக்கு ஒண்ணு அளந்து சொல்லணும்."

எதை அளக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த வழக்கு அது.

காசில்லாத அந்தப் பையன்கள் பட்டறையை ஒட்டிய சேப்பல் என்ற சிறு தேவாலயத்தில் ஞாயிற்றுப் பள்ளி நடக்கும் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமை ஓவர்டைம் நாளில் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். இடைவேளைகளில் மட்டும் வாசிப்பது என்று ஃபோர்மேனோடு ஏற்பாடு. கடைசிப் பாட்டு நீண்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று ஃபோர்மேன் சொல்லி வருவதற்குள் யாரோ ஒரு சம்மட்டியை விட்டுவிட்டார். ஒரே அடி. எல்லா வாத்தியங்களும் நின்ற ஓர் அமைதியின் நடுவில் அது விழுந்தது. அடித்த மறுகணம் கிதார் திரும்ப எழுந்தது. பையன்கள் அதை அழிக்காமல் விட்டார்கள்.

அந்த அடி தன்னுடையது என்பது அப்பாவின் கட்சி. இல்லை, தன்னுடையது என்பது டெரிக் வில்லெட்ஸின் கட்சி. டெரிக் அப்பாவின் பள்ளித் தோழர். பட்டறையின் மறுகோடியில், கால்வாய்ப் பக்கம் அவருடைய சம்மட்டி. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொழிலாளர் கிளப்பில் அப்பா நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார்.

"எல்லாரும் எந்திரிங்கடா. கோல்ட் ஷட்டோட அஞ்சாவது ஆள் வர்றார்."

"உக்காருடா கிழவா. அந்த அடி விழுந்தப்ப நீ எங்க இருந்தே, சொல்லவா?"

"நீ எங்க இருந்தே, அதைச் சொல்லு. கக்கூஸ்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தே. குதிரை எது ஜெயிச்சுதுன்னு வெளிய வந்து எனக்கே சொன்னே."

"அது வெள்ளிக்கிழமைடா!"

இருவருக்கும் காது மந்தம். ஆகவே இந்த உரையாடல் எப்போதும் கூச்சலாகவே நடக்கும். கேட்பவர்கள் பன்றித்தோல் வறுவலைக் கொறித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார்கள். சிரிப்பில்தான் முடியும். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சிரிக்க மாட்டார். "எங்க கையில செஞ்சது எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. அது ஒண்ணுதான் இன்னும் சத்தம் போடுது" என்று ஒருமுறை சொன்னார்.

ஞாயிற்றுக்கு ஒரு பாட்டு என்று கேட்டோம். அதற்கு மேல் அவர் காது தாங்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உள்ளங்கால்களை வைத்துக்கொள்வார். காது விட்டதைக் கால் பிடித்துக்கொள்ளும்.

முதல் பாட்டு மதகில் தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு தொடங்கும். அதன் அடியிலிருந்து கிதார், ஒரே சுரம், நகரவே நகராது. அப்பா கண்ணை மூடினார். "ரவுலி குன்று மேல மழை ஏறி வரும் பாரு. வரும், வரும், வராது. அந்த மாதிரி." அந்தக் காலத்தில் நடுப்பகலிலும் வானம் செம்பு நிறத்தில் இருக்கும் என்றார். நட்சத்திரம் என்று ஒன்று இருப்பதையே ராணுவப் பயிற்சிக்கு வேல்ஸுக்குப் போன தன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். பாட்டு முடிந்த பிறகும் மதகுச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. பார்த்தால் வெளியே மழை.

இரண்டாவது, வேகமான பாட்டு. டெரிக்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பாடிக்கொண்டே இருவரும் கால்வாயில் விழுந்த கதை. "தண்ணிக்குள்ளயும் அவன் பாட்டை நிறுத்தலை. குமிழி குமிழியா வந்துச்சு." மூன்றாவதில் பாடுபவர் இல்லை. முழுவதும் முரசு. அது அப்பாவுக்குப் பிடிக்காது. இருந்தும் தாண்டவில்லை. தொட்டால் பலகை ஆடும், ஊசி சறுக்கும். ஆகவே எங்கள் வீட்டில் பிடிக்காத பாட்டையும் கடைசிவரை கேட்பது வழக்கம். பிடிக்காத விருந்தாளியை உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பதுபோல.

நான்காவது அம்மாவின் பாட்டு. புல்லாங்குழலும் மரக்கிதாரும் மட்டும். என் அம்மா பெரில் அந்த ஆல்பத்தை 'இரும்புச் சாமான் கடை' என்பாள். ஆனால் இந்தப் பாட்டு வந்தால் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நிற்பாள். "பசங்க களைச்சுப் போயிட்டாங்க போல, பாவம்" என்பாள். முடிந்ததும் போய்விடுவாள். அவள் இறந்து ஒன்பது வருடம். அந்த ஞாயிறு பாட்டு ஓடும்போது அப்பா கண்ணைத் திறக்காமலே தன் நாற்காலியைச் சற்று நகர்த்தினார், கதவை மறைக்காமல். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

பக்கத்தைத் திருப்பியதும் வருவது நீளமான ஐந்தாவது. அதில் அப்பா தூங்கிப்போனார். நான் எழுப்பவில்லை. உள்ளங்கால்கள் பெட்டியின் மேல் இருந்தன. தாழ்ந்த சுரங்கள் வரும்போதெல்லாம் கால்விரல்கள் மெல்ல மடங்கி விரிந்தன. தூக்கத்தில் எங்கோ நடந்துகொண்டிருந்தார். விழித்ததும், "பட்டறை முழுக்கப் பனி பெய்யுது. உலைக்குள்ளயும் பெய்யுது. ஒருத்தரும் கண்டுக்கலை" என்றார்.

ஆறாவது ஓடும்போது பட்டறை மூடிய நாளைச் சொன்னார். சம்மட்டிகளை வெட்டிக் காயலான் லாரியில் ஏற்றினார்கள். ஆனால் அவற்றின் அடித்தளங்களை எடுக்க முடியவில்லை. பூமிக்குள் அவ்வளவு ஆழம். மேலே தார் ஊற்றிக் கார் நிறுத்தும் இடமாக்கினார்கள். இன்றும் அங்கே சில இடங்களில் தார் சமமாக நிற்காது. மழைத்தண்ணீர் அவற்றைச் சுற்றி வளையமாகத் தேங்கும்.

ஏழாவது ஞாயிறு வந்தது.

கடைசிப் பாட்டைப் போடும் முன் அப்பா தன் ஆதாரத்தை எனக்கு மறுபடி சொன்னார். ஆல்பம் வந்த வருடம், ஜூலை மாதக் கடைசியில் பட்டறைகளுக்கெல்லாம் வருடாந்தர விடுமுறை. தெருவே கடற்கரைக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் இவர்கள் போகவில்லை. ஊரில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் முதல்முறையாக ஆல்பத்தை முழுதாகப் போட்டார். கடைசிப் பாட்டில் அந்த அடி விழுந்தது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது, வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததுதான். அம்மா பின்னாலிருந்து, "எங்க கிளம்பிட்டே? பட்டறை பூட்டிக் கிடக்கு" என்று சிரித்தாளாம்.

"அடுத்தவன் சம்மட்டிக்கு எவனாவது எந்திரிச்சுப் போவானா? அது என் சம்மட்டி. உடம்புக்குத் தெரியும், டோனா."

பாட்டு ஓடியது. அமைதி வந்தது. அடி விழுந்தது. நான் பதிவு செய்துகொண்டேன்.

அளக்கும் முறை எளிது. மின்னலைப் பார்த்துவிட்டு இடிக்குக் காத்திருப்பது போன்றது. சம்மட்டி விழுந்தால் அதிர்வு இரண்டு வழியில் வரும். மண் வழியே வேகமாக, காற்று வழியே மெதுவாக. மைக்கில் முதலில் ஒரு முனகல், பிறகு அடி. இரண்டுக்கும் இடைவெளி குறைவென்றால் சம்மட்டி பக்கத்தில் இருக்கிறது. கூடினால் தூரத்தில். அப்பாவுடையது சேப்பல் சுவரை ஒட்டி நின்றது. டெரிக்குடையது கால்வாய்க் கரையில்.

அடுத்த நாள் இருவரும் அளவு டேப்போடு கார் நிறுத்துமிடத்துக்குப் போனோம். சேப்பல் கூடம் இப்போது தரைவிரிப்புக் கிடங்கு. அப்பா வளையமாகத் தேங்கிய தண்ணீருக்குள் போய் நின்றார். "இங்கதான்" என்றார். டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, வெறும் காற்றில் ஒரு கயிற்றை எட்டிப் பிடிப்பதுபோல் கையை உயர்த்தி, இறக்கிக்கொண்டார்.

கணக்கைப் பலமுறை போட்டேன். மண்ணில் அதிர்வு போகும் வேகத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். எப்படிப் போட்டாலும் இடைவெளி நீளம். சேப்பல் சுவருக்குப் பக்கத்தில் விழுந்த அடி இல்லை அது.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னேன். சாம்பல்நிறப் பட்டாணியும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டெரிக் மாமாவோடதுப்பா."

"தப்பே இருக்காதா?"

"இருக்காது."

கரண்டியை வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐம்பது வருஷமா அந்தப் பயலோட சம்மட்டிக்கா நான் பூட்ஸ் தேடியிருக்கேன்!"

"சொல்லாமலே விட்டுடலாம்பா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. நானே போய்ச் சொல்றேன். நீ வாயைத் திறக்காதே. சனிக்கிழமை கிளப்புல, எல்லாரும் இருக்கறப்ப. எந்திரிச்சு நிப்பான்ல, அப்ப சொல்றேன். மூஞ்சியைப் பார்க்கணும்." உடனே டெரிக்குக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வருகிறேன், ஒரு சேதி இருக்கிறது, நானே வந்து சொல்கிறேன் என்று கத்தினார்.

அன்று இரவே பட்டை அறுந்தது. சனிக்கிழமைக்குள் அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார். "இவ்வளவு நாளா என்னோடதுன்னு கேட்டேன். ஒரு தடவை அவனோடதுன்னு கேட்கணும்."

அதனால்தான் புதன்கிழமை பட்டையை மாற்றினோம். ஆட்டம் அடங்கியதும் அப்பா உள்ளங்கால்களைப் பெட்டியின் மேல் வைத்தார். விளக்கைப் போடவில்லை. மாலை வெளிச்சம் தட்டின் மேல் ஒரு கோடாகக் கிடந்து, சுழலாமல் நின்றது. தட்டு அதன் அடியில் சுழன்றது. கிதார் கனத்துக் கனத்து இறங்கி ஒரு சுரத்தில் நின்றது. பாடுபவர் மூச்சை இழுப்பது கேட்டது, அதுவும் நின்றது. அந்த அமைதிக்குள் ஒரு சனிக்கிழமைக் காலை முழுதாக இருப்பது எனக்கே தெரிந்தது. வியர்த்த இளைஞர்கள், கயிற்றின் மேல் கைகள், சேப்பல் ஜன்னலில் தூசி. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். முனகலைத் தனியாகக் கேட்டேன். பிறகு அடி.

அப்பாவின் கால்கள் பெட்டியிலிருந்து இறங்கின. தரையைத் துழாவின. பூட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் துழாவின.

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "மூளைக்குச் சொல்லியாச்சு. இதுங்களுக்கு யார் சொல்றது?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் எழவில்லை. இதயம் என்றார்கள்.

அடக்கம் முடிந்து கிளப்பில் எல்லோரும் கூடினோம். பன்றித்தொடை ரொட்டிகள், ஊறுகாய் வெங்காயம், பீர். டெரிக் மாமா தடியை ஊன்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ரகசியம் பேசுவதாக நினைத்துக் கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"அது உங்கப்பனோட அடிதான்ம்மா. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். அவனை வம்புக்கு இழுக்கத்தான் என்னோடதுன்னு சொன்னேன். அப்புறம் நிறுத்த மனசு வரலை."

பலர் தலையாட்டினார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். மெய்யாகவே நம்பிச் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்னிடம் அதற்குக் கருவி இல்லை.

"மாமா, அப்பா உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்னு இருந்தார். என்கிட்ட..."

"தெரியும்" என்று கையை உயர்த்தினார். "கார் நிறுத்துற இடத்துல ரெண்டு பேரும் டேப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னதை ஊரே பார்த்துச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? சொல்லாதே."

"நல்ல சேதிதான், மாமா."

"நல்லதோ கெட்டதோ. என்கிட்ட போன்ல என்ன சொன்னான்? நானே வந்து சொல்றேன்னான். நீ எதுக்கு நடுவுல?" என் எதிரில் இருந்த காலி நாற்காலியைத் தடியால் இழுத்து, அதில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான்ல. வரட்டும்."